நாலு உதை, இருபது வருடம்: பண்டர் வேலை பற்றிய கேள்விக்குப் பதில்

கேள்வி இதுதான்: "அமெரிக்கக் கால்பந்தில் பண்டர் என்று ஒருவர் இருக்கிறார். ஆட்டத்துக்கு நாலைந்து தடவை வந்து பந்தை உதைத்துவிட்டுப் போய் உட்கார்ந்துவிடுகிறார். யாரும் அவர்மேல் வந்து மோதுவதும் இல்லை. சிலர் இருபது வருடம் ஆடியிருக்கிறார்களாம், சம்பளமும் கோடிக்கணக்கில். விளையாட்டில் இதைவிடப் பாதுகாப்பான வேலை உண்டா?" கேட்டவர் சூப்பர் பவுல் (சாம்பியனை முடிவுசெய்யும் இறுதி ஆட்டம்) பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறார். நியாயமான சந்தேகம். ஆனால் இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பண்டரின் உடம்புக்கு ஆபத்து குறைவா என்பது ஒன்று, அவருடைய வேலைக்கு ஆபத்து குறைவா என்பது இன்னொன்று. முதலாவதற்கு ஓரளவு ஆமாம் என்று சொல்லலாம். இரண்டாவதற்கு என் பதில், இல்லவே இல்லை. இருபது வருடம் ஆடியவர்களின் பெயர் நமக்குத் தெரிகிறது, இரண்டு மாதத்தில் வீட்டுக்குப் போனவர்களின் பெயர் தெரிவதில்லை. அதனால்தான் இந்த வேலை நிரந்தர வேலை மாதிரித் தோன்றுகிறது.

என்னைப் பற்றி ஒரு வரி. நான் அமெரிக்காவில் பிசியோதெரபிஸ்ட். கல்லூரி அளவில் ஆடும் உதைப்பு வீரர்களின் இடுப்பையும் தொடையையும் பார்ப்பது பல வருடங்களாக என் வேலையில் ஒரு பகுதி. நான் இந்த விளையாட்டை ஆடியவன் இல்லை. உடம்பைப் பற்றி எழுதுவது கையால் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டது. பணம், ஒப்பந்தம் பற்றி எழுதுவது எல்லோருக்கும் கிடைக்கும் தகவல்.

விளையாட்டு தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: பந்து கையில் இருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள், அதாவது நான்கு டவுன். அதற்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். மூன்று டவுனில் முடியவில்லை என்றால், நான்காவதில் துணிந்து முயன்று தோற்றால் எதிரணிக்கு அதே இடத்தில் பந்து கிடைத்துவிடும். அது நம் கோட்டுக்குப் பக்கமாக இருந்தால் ஆபத்து. அதனால் பந்தைத் தூரமாக உதைத்து, எதிரணியை அவர்களுடைய எல்லைக்குள் தள்ளிவிட்டு ஒப்படைப்பது வழக்கம். அந்த உதைதான் பண்ட். கம்பங்களுக்கு நடுவே உதைத்துப் புள்ளி எடுக்கும் கிக்கர் வேறு ஆள். பண்டர் புள்ளி எடுப்பவர் இல்லை, அவருடைய அணி தோற்றுப்போன ஒரு தருணத்தில்தான் அவர் மைதானத்துக்குள் வருகிறார்.

"உதைத்துவிட்டுப் போகிறார்" என்பதற்குள் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்போம். லாங் ஸ்நாப்பர் தன் கால்களுக்கு நடுவே பந்தைப் பின்னால் எறிகிறார். பண்டர் சுமார் 15 கஜம் பின்னால், கிட்டத்தட்ட 14 மீட்டரில் நிற்கிறார். பந்து அவர் கைக்கு வர முக்கால் விநாடி. அவர் பிடித்து, கையில் திருப்பி, இரண்டு எட்டு வைத்து உதைக்க ஒன்றேகால் விநாடி. மொத்தம் இரண்டு விநாடிக்குக் கொஞ்சம் முன்பின். அதைத் தாண்டினால் யாராவது ஒருவர் கையை நீட்டித் தடுத்துவிடுவார். இந்த இரண்டு விநாடியில் முக்கியமான கட்டம் உதை இல்லை, அதற்கு முன்னால் பந்தைக் கையிலிருந்து விடுவது. பந்து நீள்வட்டம். மூக்கு கொஞ்சம் கோணலாகக் காலில் விழுந்தால் உதை பக்கவாட்டில் பிசகிப் போகும். பழகிய பண்டர்கள் உதைக்காமலேயே, வெறுமனே பந்தை விடுவதை மட்டும் திரும்பத் திரும்பச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். பார்ப்பவருக்குச் சலிப்பாக இருக்கும், அவர்களுக்கு அதுதான் தொழில்.

அடுத்தது உயரம். என்எஃப்எல் என்ற தொழில்முறை லீக்கின் விதிப்படி, பந்து உதைபடும் வரை உதைக்கும் அணியில் இரு ஓரத்திலும் நிற்கும் இரண்டு பேர் மட்டும்தான் ஆட்டம் தொடங்கும் கோட்டைத் தாண்டி ஓடலாம். அவர்களைக் கன்னர் என்பார்கள். மற்றவர்கள் உதைக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் கிளம்ப முடியும். கல்லூரி ஆட்டத்தில் இந்தக் கட்டுப்பாடு இல்லை. அதனால் தொழில்முறை ஆட்டத்தில் பந்து காற்றில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பது மிக முக்கியம். நாலரை விநாடி நின்றால் நல்ல உதை, ஐந்தைத் தொட்டால் அபாரம். தாழ்வாக 60 கஜம் பறக்கும் உதையைப் பார்த்து ரசிகர்கள் கை தட்டுவார்கள், பயிற்சியாளர் தலையில் கை வைப்பார். ஏனென்றால் பந்தைப் பிடிப்பவருக்கு முன்னால் வெறும் புல்வெளிதான் இருக்கும், தடுக்க ஆள் இன்னும் வந்து சேர்ந்திருக்காது. மயாமி டால்ஃபின்ஸ் அணியில் ஆடிய ரெஜி ரோபி, தன் உதை காற்றில் நிற்கும் நேரத்தை அளக்கக் கையில் கடிகாரம் கட்டிக்கொண்டே ஆடியவர்.

இதனால்தான் தூரக் கணக்கை மட்டும் வைத்து ஒரு பண்டரை எடைபோட முடியாது. 1969இல் நியூயார்க் ஜெட்ஸ் அணியின் ஸ்டீவ் ஓநீல் டென்வரில் உதைத்த 98 கஜம்தான் இன்றுவரை சாதனை. அது உருண்டு போன தூரமும் சேர்ந்தது. ஒரு சீசன் சராசரியில் சாமி பா 1940இல் எடுத்த 51.4 கஜம் 82 ஆண்டுகள் அசையாமல் இருந்தது. 2022இல் டென்னஸி டைட்டன்ஸ் அணிக்குப் புதிதாக வந்த ரையன் ஸ்டோன்ஹவுஸ் 53.1 எடுத்து அதைத் தாண்டினார். அணிகள் உண்மையில் பார்ப்பது நிகரத் தூரம்: உதைத்த தூரத்திலிருந்து எதிரணி திரும்பி ஓடிய தூரத்தைக் கழிக்க வேண்டும், பந்து கடைசிக் கோட்டைத் தாண்டிவிட்டால் இன்னும் 20 கஜம் கழிக்க வேண்டும். 2013இல் ராம்ஸ் அணியின் ஜானி ஹெக்கர் இந்தக் கணக்கில் 44.2 எடுத்துச் சாதனை செய்தார். என் பார்வையில் அந்த எண்தான் பெரிது.

சரி, வேலைப் பாதுகாப்புக்கு வருகிறேன். இங்கேதான் நியூயார்க் ஜயண்ட்ஸ் என்ற ஒரே அணியில் அடுத்தடுத்து நடந்த ஒரு கதையைச் சொல்ல வேண்டும். ஜெஃப் ஃபீகிள்ஸ் 1988இல் டிராஃப்டில் (அணிகள் கல்லூரி வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் ஆண்டுத் தேர்வு) யாரும் எடுக்காமல் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணிக்குள் வந்தார். 22 சீசன், ஐந்து அணிகள், தொடர்ச்சியாக 352 ஆட்டம், ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. 1,713 பண்ட். 41 வயதில், 2008 பிப்ரவரியில், நியூயார்க் ஜயண்ட்ஸ் அணியோடு சூப்பர் பவுல் வென்றார். அவர் மிகத் தூரம் உதைக்கும் பலமான கால் உள்ளவர் என்று யாரும் சொன்னதில்லை. எதிரணிக் கோட்டுக்கு அருகே, மைதானத்தின் மூலையில் பந்தை வெளியே தள்ளுவதில் மன்னன். பிடித்து ஓடவே வாய்ப்பில்லாத இடத்துக்குப் பந்தை அனுப்புவார். நீங்கள் கேட்ட "இருபது வருடம்" இவர்தான். ஜயண்ட்ஸ் அணியில் இவர் போட்டிருந்த 10ஆம் எண் சட்டையைச் சக வீரர் ஈலை மேனிங் கேட்டபோது ஒரு குடும்ப விடுமுறைக்கும், பிறகு 17ஆம் எண்ணை இன்னொரு சக வீரர் பிளாக்ஸிகோ பரெஸ் கேட்டபோது வீட்டில் ஒரு வெளிப்புறச் சமையலறை கட்டித்தரவும் ஒப்பந்தம் செய்துகொண்டு கொடுத்தவர். மனுஷர் எதையும் அலட்டிக்கொள்ளாத ரகம்.

2010 வசந்த காலத்தில் ஃபீகிள்ஸ் ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு வந்தவர் மேட் டாட்ஜ், ஏழாவது சுற்றில் எடுக்கப்பட்ட புதுமுகம். அந்த ஆண்டு டிசம்பர் 19, பிலடெல்பியா ஈகிள்ஸுக்கு எதிரான ஆட்டம். ஜயண்ட்ஸ் 31-10 என்று முன்னிலையில் இருந்தது. கடைசி எட்டு நிமிடத்துக்குள் ஈகிள்ஸ் 31-31 என்று சமன் செய்துவிட்டது. 14 விநாடி மிச்சம், டாட்ஜ் உதைக்க வேண்டும். கட்டளை ஒன்றே ஒன்று: பந்தை மைதானத்துக்கு வெளியே உதை, ஈகிள்ஸ் வீரர் டிஷான் ஜாக்ஸன் கைக்கு மட்டும் போகக் கூடாது. ஸ்நாப், அதாவது பின்னால் எறிந்த பந்து, உயரமாக வந்தது. டாட்ஜ் எட்டிப் பிடித்தார், அவசரத்தில் உதைத்தார், பந்து தாழ்வாக, நேராக ஜாக்ஸனிடமே போனது. அவர் முதலில் தவறவிட்டு, குனிந்து எடுத்து, 65 கஜம் ஓடிக் கடைசிக் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுத்தார், அதாவது டச்டவுன். ஆட்டம் முடிந்தது, 38-31. பயிற்சியாளர் டாம் காஃப்லின் மைதானத்துக்குள்ளேயே வந்து அந்த இளைஞனைத் திட்டியது தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தது. ஜயண்ட்ஸ் 10 வெற்றி 6 தோல்வியோடு பிளேஆஃப் (நாக்அவுட் சுற்று) வாய்ப்பையும் இழந்தது. அடுத்த சீசன் தொடங்கும் முன் டாட்ஜை அணி விட்டுவிட்டது.

அவருக்குப் பதில் வந்த ஸ்டீவ் வெதர்ஃபோர்டின் பயணத்தையும் பாருங்கள். 2008 என்ற ஒரே ஆண்டில் அவர் மூன்று அணிகளில் இருந்தார்: நியூ ஆர்லியன்ஸ், கேன்சஸ் சிட்டி, ஜாக்ஸன்வில். அப்புறம் ஜெட்ஸ். அங்கிருந்து ஜயண்ட்ஸுக்கு வந்து, 2012 பிப்ரவரியில் சூப்பர் பவுல் வென்றார். ஆக மூன்று வருடத்துக்குள் ஒரே நாற்காலியில் மூன்று பேர்: 22 வருடம் ஆடியவர், ஒரே வருடத்தில் போனவர், ஊர் ஊராக அலைந்து வந்து ஜெயித்தவர். பண்டர் வாழ்க்கை என்றால் மூன்றும்தான். முதல் ஆளை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

ஒரு தவறால் வேலை போய்விடுமா என்றால், எப்போதும் அப்படியில்லை. 1986 ஜனவரியில் சிகாகோவில் நடந்த பிளேஆஃப் ஆட்டத்தில் ஜயண்ட்ஸ் பண்டர் ஷான் லாண்டேட்டா பந்தை விட்டபோது காற்று அதை நகர்த்திவிட, கால் பந்தை உரசியதோடு சரி. சிகாகோ வீரர் அதை எடுத்து ஐந்து கஜம் ஓடி டச்டவுன் போட்டார். அதைவிட அவமானமான உதை இருக்க முடியாது. ஆனால் அணி அவரை வைத்துக்கொண்டது, மறு ஆண்டு அவரோடுதான் முதல் சூப்பர் பவுலை வென்றது. அவர் 2005 வரை ஆடினார். டாட்ஜுக்குக் கிடைக்காத இரண்டாம் வாய்ப்பு லாண்டேட்டாவுக்கு ஏன் கிடைத்தது? அந்த ஒரு உதைக்கு முந்தைய சீசன் முழுக்க அவர் நன்றாக ஆடியிருந்ததுதான் காரணம் என்று நான் ஊகிக்கிறேன். டாட்ஜ் அந்த ஆண்டு முழுவதும் தடுமாறிக்கொண்டிருந்தார். இது என் ஊகம், நிரூபிக்க வழியில்லை.

நிச்சயமாகச் சொல்லக்கூடியது இடங்களின் எண்ணிக்கை. என்எஃப்எல்லில் 32 அணிகள், அணிக்கு 53 பேர், அதில் பண்டர் ஒருவர். மாற்று ஆள் கிடையாது. கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர் இடம் மாதிரி: ஒருவர் நன்றாக ஆடிக்கொண்டிருக்கும் வரை மற்றவர்கள் வெளியே காத்திருக்க வேண்டியதுதான். ஆனால் கீப்பருக்கு மட்டையாவது இருக்கிறது, பண்டருக்கு வேறு வழியில் தன்னை நிரூபிக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஒவ்வோர் ஆண்டும் டிராஃப்டில் எடுக்கப்படும் பண்டர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். முதல் சுற்றில் எடுக்கப்பட்ட முதல் முழுநேரப் பண்டர் ரே கை, 1973இல் ஓக்லாண்ட் ரெய்டர்ஸ் 23ஆவது ஆளாக எடுத்தது. 14 சீசன், மூன்று சூப்பர் பவுல். சிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் அவருக்கு இடம் கொடுக்க 2014 வரை ஆனது. பண்டராக மட்டும் ஆடி அங்கே நுழைந்த முதல் ஆள் அவர். அதே ரெய்டர்ஸில் தொடங்கி 18 சீசன் ஆடிய ஷேன் லெக்லர் ஐந்தாவது சுற்று. ஃபீகிள்ஸ், ஹெக்கர், ஸ்டோன்ஹவுஸ் மூவரையும் டிராஃப்டில் யாரும் எடுக்கவே இல்லை. 2012இல் ஜாக்ஸன்வில் அணி பிரையன் ஆங்கர் என்ற பண்டரை மூன்றாவது சுற்றில் எடுத்தது. ஐந்து இடம் தள்ளி சியாட்டில் ரஸல் வில்ஸனை எடுத்தது. வில்ஸன் பெரிய குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) ஆனபின் அந்தத் தேர்வைச் சொல்லிச் சிரித்தார்கள். ஆங்கர் பத்து வருடத்துக்கு மேல் தரமாக ஆடியிருக்கிறார், அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை.

பணத்தைப் பற்றி. 2024 சீசனில் புதுமுகத்துக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 7,95,000 டாலர். ஏழு வருடம் முடித்தவருக்குக் குறைந்தபட்சம் 12,10,000. உச்சத்தில் இருக்கும் பண்டர்கள் ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் டாலர் வரை வாங்குகிறார்கள். அதே ஆண்டு டாக் பிரெஸ்காட் என்ற குவார்ட்டர்பேக் ஆண்டுக்கு 6 கோடி டாலருக்குக் கையெழுத்திட்டார். பண்டர் வாங்குவது நல்ல பணம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் தொகையில் பெரும்பகுதிக்கு உத்தரவாதம் கிடையாது. ஆகஸ்டில் விட்டுவிட்டால் அந்த ஆண்டின் சம்பளம் இல்லை. அனுபவம் கூடக் கூடக் குறைந்தபட்சச் சம்பளமும் கூடுவதால், கிட்டத்தட்ட அதே அளவு உதைக்கும் ஒரு புதுப் பையன் குறைந்த செலவில் கிடைக்கும்போது அணி கணக்குப் பார்க்கும். வேலையில்லாத பண்டர்கள் வாரநாளில் ஒரு ஊருக்கு அழைக்கப்பட்டு, காலி மைதானத்தில் பத்துப் பதினைந்து உதை உதைத்துக் காட்டிவிட்டு, "கூப்பிடுகிறோம்" என்ற வார்த்தையோடு விமானம் ஏறுவார்கள். பலருடைய வருடங்கள் இப்படித்தான் போகின்றன.

போட்டி இப்போது உள்ளூரோடு நிற்பதும் இல்லை. ஆஸ்திரேலியாவில் ஆடும் கால்பந்தில் ஓடிக்கொண்டே கையிலிருந்து விட்டு உதைப்பது சிறுவயதிலேயே வந்துவிடும். 1995இல் சான் டியேகோ சார்ஜர்ஸுக்கு வந்த டேரன் பென்னட் அந்த உதையைக் கொண்டுவந்தார். பந்து சுழன்று பாய்வதற்குப் பதில் தலைகீழாகப் புரண்டு போய், தரையில் பட்டதும் பின்னால் துள்ளும். எதிரணிக் கோட்டுக்குப் பக்கத்தில் பந்தை நிறுத்த அதைவிட நல்ல வழி இல்லை. 2007இல் நேதன் சாப்மன் மெல்பர்னில் ப்ரோகிக் ஆஸ்திரேலியா என்ற பயிற்சிக்கூடம் தொடங்கினார். கல்லூரியின் சிறந்த பண்டருக்கான ரே கை விருதை 2014 முதல் 2017 வரை நான்கு ஆண்டும் ஆஸ்திரேலியர்களே வாங்கினார்கள். அதில் ஒருவரான மிட்ச் விஷ்னவ்ஸ்கி பள்ளியைப் பாதியில் விட்டுக் கண்ணாடி பொருத்தும் வேலை பார்த்தவர். பிறகு சான் ஃபிரான்சிஸ்கோ அணியின் பண்டர் ஆனார். எனக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும். அதே சமயம், அவர் ஒருவர் உள்ளே வரும்போது இன்னொருவர் வெளியே போகிறார் என்பதும் உண்மை.

உடம்பைப் பற்றி நான் கொஞ்சம் தைரியமாகப் பேசலாம். தலையில் அடிபடுவது, தோள் கழல்வது மாதிரியானவை பண்டருக்கு மற்றவர்களைவிட மிகக் குறைவு. உதைத்தவர்மேல் பலமாக மோதினால் எதிரணிக்கு 15 கஜம் தண்டனை. விதியே அவரைக் காக்கிறது. அவருடைய தொல்லை மெல்ல வரும். இடுப்பின் முன்புறத் தசை, தொடையின் நடுவே ஓடும் நீளத் தசை, உள்தொடை இவை மூன்றும்தான் என்னிடம் வருபவர்களின் பிரச்சினை. கால் தலைக்கு மேல் போகும் அளவுக்கு வீசும்போது பின்தொடை இழுபடும், கீழ்முதுகு அமுங்கும். வலி வந்தால் முதலில் குறைவது தூரம் இல்லை, சீர். நூல் பிசகாமல் ஒரே மாதிரி உதைத்தவர் ஐந்தில் ஒன்றைக் கோணலாக உதைப்பார். அதனால் நல்ல பயிற்சியாளர்கள் வாரத்துக்கு இத்தனை உதைதான் என்று எண்ணிவைத்து நிறுத்திவிடுவார்கள். இளம் வீரர்களிடம் நான் சண்டை போடுவது பெரும்பாலும் இதற்காகத்தான். கூடுதலாக உதைத்தால் கூடுதலாகத் தேறலாம் என்று நம்புகிறார்கள்.

ஊன்றிய கால் வேறு கதை. உதைக்கும் கால் மேலே இருக்கும்போது முழு உடம்பும் அந்த ஒரு முழங்காலில் நிற்கிறது. ஸ்டோன்ஹவுஸ் பற்றி மேலே சொன்னேன். சாதனை செய்த மறு சீசனில், 2023 டிசம்பர் 3, இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் அவருடைய இரண்டு பண்டுகள் தடுக்கப்பட்டன. இரண்டாவதில் எதிரணி வீரர் பாய்ந்து வந்ததில் ஊன்றிய காலில் பலத்த காயம், அந்த சீசன் அதோடு முடிந்தது. பந்து தடுக்கப்பட்டால் மோதலுக்குத் தண்டனையும் கிடையாது. மறுநாளே உதைப்பு ஆட்டங்களைக் கவனிக்கும் பிரிவின் பயிற்சியாளரை டைட்டன்ஸ் நீக்கியது. ஸ்டோன்ஹவுஸ் காயத்தோடு வெளியேறியதும் இன்னொரு விஷயம் வெளிப்பட்டது: பண்டர் இல்லையென்றால், கிக்கர் கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் ஃபீல்டு கோலுக்குப் பந்தைத் தரையில் பிடித்து நிறுத்தவும் ஆள் இல்லை. பெரும்பாலான அணிகளில் அந்த வேலையும் பண்டருடையதுதான். பிடிப்பதில் கை சுத்தமாக இருந்தால், சுமாராக உதைப்பவரும் கூடுதலாக ஓரிரு வருடம் தங்கிவிடுவார். இதை ரசிகர்கள் கவனிப்பதே இல்லை.

இனி என்ன ஆகும் என்பதில்தான் எனக்கு உறுதி இல்லை. கடந்த சில ஆண்டுகளாகப் புள்ளிவிவரக் கணக்கை நம்பி அணிகள் நான்காவது டவுனில் துணிந்து ஆடுவது கூடிவிட்டது, பண்டுகள் குறைந்துவிட்டன. இதனால் பண்டர் என்ற பதவியே ஒழியும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சொந்தக் கோட்டுக்குப் பத்து கஜத்தில் மாட்டிக்கொண்ட அணிக்கு வேறு வழி இல்லை. ஆனால் உதை குறையக் குறைய ஒவ்வோர் உதையின் எடையும் கூடும், தவறைச் சரிக்கட்ட வாய்ப்பும் குறையும். 2024இல் சிகாகோ பேர்ஸ் டோரி டெய்லர் என்ற ஆஸ்திரேலியப் பண்டரை நான்காவது சுற்றிலேயே எடுத்ததைப் பார்த்தால், நல்ல பண்டருக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது என்றுதான் தோன்றுகிறது. சராசரிப் பண்டரின் நிலைமைதான் சந்தேகம்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று: இவர்கள் ஆட்டம் முடிந்தபின் என்ன செய்கிறார்கள்? மூன்று சீசன் கணக்கில் சேர்ந்துவிட்டால் லீக்கின் ஓய்வூதியத்துக்குத் தகுதி வந்துவிடும், அதனால் மூன்றாவது சீசன் பலருக்கும் பெரிய மைல்கல். பேட் மெக்கஃபி இண்டியானாபொலிஸில் எட்டு சீசன் ஆடி, 29 வயதில், நல்ல நிலையில் இருக்கும்போதே விலகி, இன்று தொலைக்காட்சியில் பெரிய பெயர். ஆனால் அவர் விதிவிலக்கு. கல்லூரிப் பண்டர்களில் நான் அருகிலிருந்து பார்த்தவர்களில் அதிகம் பேர் பட்டத்தை முடித்துக்கொண்டு சாதாரண வேலைக்குப் போனார்கள். சிலர் கோடையில் பள்ளிப் பையன்களுக்கு முகாம் நடத்துகிறார்கள். ஓரிருவர் கனடா லீக்கில் முயன்றார்கள். அங்கே மூன்று டவுன்தான் என்பதால் பண்டருக்கு வேலை அதிகம், சம்பளம் குறைவு. ஆலோசனை கேட்டு வரும் பெற்றோருக்கு நான் சொல்வது, கால் நன்றாக இருந்தால் அதை வைத்து முதலில் கல்லூரிப் படிப்புக்கு உதவித்தொகை வாங்கப் பாருங்கள், அதற்கு மேல் கிடைப்பதைப் பிறகு பார்க்கலாம் என்பதுதான்.